சாம்பல் கிளி என் வீட்டுக்காரரை மட்டும் கடிக்கிறது

கேள்வி:

எங்களிடம் ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருக்கிறது. பெயர் ராஜா. குஞ்சிலிருந்தே வளர்க்கிறோம், இப்போது 9 வயது. ஜூனில் நான் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதிலிருந்து நாள் முழுக்க ராஜா என்னோடுதான். ஆகஸ்ட் கடைசியில் அதன் போக்கே மாறிவிட்டது. என் தோளை விட்டு இறங்குவதில்லை. தின்றதைக் கக்கி என் விரலில் வைக்கிறது. முதுகைத் தடவினால் இறக்கையைத் தொங்கவிட்டு நடுங்குகிறது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் பாய்கிறது. போன வாரம் அவர் காதைக் கடித்து இரத்தமே வந்துவிட்டது. லவுஞ்சில் இருக்கும் பெரிய அலமாரியின் அடியில் போய்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எடுக்கப் போனால் உறுமுகிறது. சாப்பாட்டில் குறை இல்லை. நான் சாப்பிடும்போது சூடான பருப்புச் சோறும் பூசணிக்காயும் கையாலேயே ஊட்டுவேன். காலையில் ஹாடீடா பறவை கத்தும்போது எழுந்துவிடும், இரவு எங்களோடு 10.30 வரை டிவி பார்க்கும். மாமியார் கண்ணேறு என்கிறார், சூடம் சுற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஜோடி வாங்கிப் போடச் சொல்கிறான். ஊசி போட்டு இதை நிறுத்த முடியுமா? இறக்கையை வெட்டிவிடலாமா? டிசம்பர் விடுமுறைக்கு ஜோஹனஸ்பர்க்கிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் சரியாகுமா?

— வாசகி, மெர்பேங்க், டர்பன்

பறவை மருத்துவரின் பதில்:

அம்மா, வணக்கம். முதலில் ஐயாவின் காது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள். வீக்கமோ சீழோ தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கெட்டியான கொட்டையை உடைக்கிற அலகு அது, காயம் பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் ஆழமாகப் போயிருக்கும்.

இனி ராஜா. அது உங்களைத் தன் ஜோடியாக வரித்துக்கொண்டுவிட்டது. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் அதைத்தான் சொல்கிறது. கக்கி விரலில் வைப்பது இணைக்கு ஊட்டும் முறை. இறக்கையைத் தொங்கவிட்டு நடுங்குவது சேர அழைக்கும் சைகை. அலமாரியின் அடி அது பார்த்து வைத்திருக்கும் மரப்பொந்து, கிழித்த காகிதம் பொந்துக்குள் போடும் பஞ்சணை. ஐயா, பாவம், போட்டிக்கு வந்த ஆள். நன்றி கெட்ட கிளி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சாம்பல் கிளி 3 முதல் 5 வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். போன வருஷங்களிலும் இதே மாதங்களில் லேசாகத் தலைகாட்டியிருக்கும். நீங்கள் பகலெல்லாம் பள்ளியில் இருந்ததால் ஜோடி என்று முடிவு கட்ட அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பறவைகள் வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே வரும் வெளிச்சத்தை உணரும் செல்கள் அவற்றின் மூளைக்குள் ஆழத்தில் இருக்கின்றன. பகல் நீள்வதை அவை கவனித்ததும் மூளையிலிருந்து ஹார்மோன் கிளம்பும், விரையோ சூலகமோ விழித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் சுருங்கிக் கிடந்த அந்த உறுப்புகள் பல மடங்கு பெரிதாகும். டர்பனில் ஜூன் கடைசியில் பகல் 10 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, டிசம்பரில் 14 மணி நேரம். ஆவணி, புரட்டாசி என்றால் தமிழ்நாட்டில் மழையை எதிர்பார்த்திருப்பார்கள், நமக்கு இங்கே வசந்தம்.

ஆனால் ராஜாவின் பகலுக்கு வெளியே இருக்கும் சூரியன் கணக்கே இல்லை. ஹாடீடா கத்தும் காலை 5.30 முதல் இரவு 10.30 வரை என்றால் 17 மணி நேரம். இந்த ஊரில் எந்த மாதத்திலும் அவ்வளவு நீளமான பகல் கிடையாது. அதன் பூர்வீகம் நிலநடுக்கோட்டை ஒட்டிய மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகள். அங்கே வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்தக் காட்டில் மழை பெய்து, பழம் காய்த்து, நல்ல பொந்து கிடைத்து, துணையும் பக்கத்தில் இருந்தால்தான் கிளி முட்டையைப் பற்றி யோசிக்கும். உங்கள் வீட்டில் தீனிக்குப் பஞ்சமே இல்லை. சூடான, குழைந்த சோறு கையிலிருந்து வாய்க்கு வருகிறது. அலமாரிக்கு அடியில் இருட்டான இடம் இருக்கிறது. துணை நாள் முழுக்கத் தோளைக் கொடுத்து முதுகையும் தடவுகிறது. குஞ்சு பொரிக்க இதைவிட நல்ல வருஷம் வராது என்று வீடே ராஜாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே மாற்ற வேண்டியது வீட்டை. கிளியைத் திருத்தப் போனால் இருவருக்கும் வருத்தம்தான் மிஞ்சும்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். என் அனுபவத்தில் இந்த ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். பிள்ளைகள் இருந்த அறை காலியாகத்தான் இருக்கும். அங்கே ஒரு சின்னக் கூண்டு, உள்ளே உட்காரக் கம்பும் தண்ணீரும் மட்டும். மாலை 6.30க்கு உள்ளே, காலை 6.30க்கு வெளியே. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், ஏனென்றால் டிசம்பரில் இங்கே சூரியன் 5 மணிக்கு முன்பே வந்துவிடும். லவுஞ்சில் கூண்டின் மேல் துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பது தூக்கம் ஆகாது. துணிக்குள் கிளி விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு இந்த நாட்டில் யாருக்காவது நன்மை செய்தது என்றால், இருட்டியதும் தூங்கப் போன கிளிகளுக்குத்தான்.

அடுத்தது உங்கள் கை. இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். கிளிகளில் முதுகையும் இறக்கையின் அடியையும் வாலின் அடியையும் தொடும் உரிமை இணைக்கு மட்டும்தான். நீங்கள் பாசத்தில் தடவுகிறீர்கள், அதன் உடம்பு அதை வேறாக எடுத்துக்கொள்கிறது. இனி தலை, கன்னம், பிடரி, அவ்வளவுதான். அதையும் சுருக்கமாக. சட்டைக்குள், சால்வைக்குள் நுழைந்து படுக்க விடாதீர்கள். கக்க ஆரம்பித்தால் சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பேசாமல் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அது பொம்மையைக் கடிக்கவோ இறகைக் கோதவோ தொடங்கியதும் திரும்பி வந்து பேசுங்கள். தோளில் ஏற்றுவதை இப்போதைக்கு முழுசாக நிறுத்திவிடுங்கள். தோளில் இருக்கும் கிளியின் கண்ணை நீங்கள் பார்க்க முடியாது, அதன் அலகுக்கோ உங்கள் கண்ணும் காதும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சாப்பாட்டில் நீங்கள் குறை வைக்கவில்லை, கூடத்தான் வைத்திருக்கிறீர்கள். புரட்டாசி விரதத்தில் வீட்டில் பருப்பும் பூசணியும் காலை மாலை அடுப்பில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சூடான குழைந்த உணவு, அதுவும் ஊட்டப்படும்போது, இணை கக்கி ஊட்டுவதற்கு மிக நெருக்கமானது. அதை நிறுத்துங்கள். சூரியகாந்தி விதை கிண்ணத்தில் நிரம்பிக் கிடக்க வேண்டாம். கிளிக்கென்று விற்கும் நல்ல பெல்லட் என்ற உருண்டைத் தீனி, கூடவே பச்சையாகக் கேரட், குடைமிளகாய், முருங்கைக்கீரை கொடுங்கள். காரமிளகாய்கூடக் கொடுக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது, டர்பன் மிளகாயாக இருந்தாலும்! அவகாடோ மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். கொல்லையில் மரம் இருந்தால் இலைப் பக்கமும் விடாதீர்கள், கிளிகளுக்கு அது விஷம்.

ஒரே நாளில் விதையை நிறுத்திப் பட்டினி போட்டுவிடாதீர்கள். பழைய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சில வாரங்களில் மாற்றுங்கள். தினமும் காலையில், தீனி வைக்கும் முன், சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 450 கிராம் இருந்த கிளி 405க்கு இறங்கினால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அலமாரியின் அடியைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். இழுப்பறை, கூடை, அட்டைப்பெட்டி, கடையில் விற்கும் துணிக் கூடாரம் எதற்குள்ளும் போக விடக்கூடாது. காகிதம் கிழிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை, அது நல்ல பொழுதுபோக்கு. கூண்டின் மேல்பக்கம், வெளிச்சத்தில், தொங்கவிட்டுக் கிழிக்கட்டும். இருட்டு மூலையில் கிழித்தால்தான் அது கூடு. பகலில் வைக்கும் கூண்டையும் லவுஞ்சில் வேறு பக்கம் மாற்றிப் பாருங்கள். இடம் மாறியதும் 'என் பொந்து' என்ற பிடிவாதம் கொஞ்சம் தளரும். டர்பன் மரங்களில் இப்போது நிறையத் திரியும் பச்சைக்கிளிகள் உங்கள் ஜன்னலுக்கு வெளியே சத்தம் போட்டு ராஜாவைக் கிளப்பிவிட்டால், ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். கூண்டில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் நாள் முழுக்க அது என்ன செய்யும் என்று கேட்பீர்கள். உழைக்கட்டும். காட்டில் கிளிக்குப் பகலின் பெரும்பகுதி தீனி தேடுவதிலேயே போய்விடும். பெல்லட்டைக் காகிதத்தில் சுருட்டி வையுங்கள், முருங்கைக்கீரையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அறைக்குள் பறக்க விடுங்கள். களைத்த கிளிக்குக் காதல் குறைவு.

ஐயா விஷயத்துக்கு வருகிறேன். அவரைத்தான் இந்த வைத்தியத்தில் முக்கியமான ஆளாக வைக்கப் போகிறேன். ராஜாவுக்கு உயிரான பண்டம் ஒன்று இருக்குமே, முந்திரியோ வால்நட்டோ, அது இனி ஐயாவின் கையிலிருந்து மட்டும்தான். நீங்கள் கொடுக்கவே கூடாது. முதலில் நீங்கள் அறையில் இல்லாத நேரம் பார்த்து, கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்து நீளக் கரண்டியில் ஒரு துண்டை நீட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட வேண்டும். அவர் வருவதைக் கண்டு கம்பியோரம் ஓடிவரத் தொடங்கிய பிறகுதான் அடுத்த படி. ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு துண்டு, அப்புறம் கைக்குப் பதில் ஒரு கம்பில் ஏறப் பழக்குவது. இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டால் இன்னொரு காதும் போகும்.

கடி திடீரென்று வருவதில்லை. வளர்ந்த சாம்பல் கிளியின் கண் வெளிர் மஞ்சள், அதில் கருவிழி சட்டென்று சுருங்கி விரிவது நன்றாகத் தெரியும். பிடரி இறகு சிலிர்க்கும், வால் விசிறிபோல் விரியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஐயா ஓர் எட்டுப் பின்வாங்கட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. கடித்தபின் அலகில் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது, கையுறை போட்டுப் பிடிப்பது எதுவும் வேண்டாம். முக்கியமாக, அவர் கத்துவதும் நீங்கள் சமையலறையிலிருந்து ஓடிவருவதும் நிற்க வேண்டும். போட்டிக்காரரை விரட்டியதும் ஜோடி பறந்து வருகிறது என்று ராஜா கணக்குப் போடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு கேள்வி: ராஜா ஆணா? சாம்பல் கிளியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பெயர் நீங்கள் வைத்ததுதானே. ஒரு சொட்டு இரத்தத்திலோ பிடுங்கிய இறகிலோ டிஎன்ஏ பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஒவ்வொரு முட்டைக்கும் உடம்பிலிருந்து கால்சியம் போகும். சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது மற்றக் கிளிகளைவிட அதிகம். விதையையும் சோற்றையும் நம்பி, வெயிலே படாமல் வீட்டுக்குள் வளர்ந்த கிளி என்றால் இன்னும் ஆபத்து. ராஜாவைக் காலையில் கொஞ்ச நேரம், நிழலும் இருக்கும்படி, கூண்டோடு வெயிலில் வையுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது, வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

என்றாவது ஒரு முட்டையைக் கண்டால் பதறி எடுத்து வீசிவிடாதீர்கள். எடுத்தால், இழந்ததை ஈடுகட்ட இன்னொன்று இடும். பொய்முட்டையை மாற்றி வையுங்கள், அல்லது அப்படியே விடுங்கள். சாம்பல் கிளியின் அடைகாப்பு 28 முதல் 30 நாள். அதன்பின் தானே சலித்து விட்டுவிடும்.

கீழே சொல்வதில் ஒன்றைக் கண்டாலும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்து முக்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கால் வலுவிழப்பது எல்லாம் முட்டை உள்ளே சிக்கியிருப்பதற்கான அடையாளம், சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். எச்சத் துவாரத்தில் சிவப்பாகச் சதை வெளியே தெரிவதும் அப்படித்தான். இன்னொன்று, இணைக்குக் கக்கும் கிளி தலையை மேலும் கீழும் ஆட்டி, பார்த்துப் பதமாக வைக்கும். தலையை உதறி, நாலாபக்கமும் தெறித்து, தலை இறகில் ஒட்டிக்கொண்டு, சோர்ந்து போயிருந்தால் அது வாந்தி. அது நோய், பருவத்தோடு சேர்க்காதீர்கள். மார்பு இறகைப் பிடுங்க ஆரம்பித்தாலும் காட்டுங்கள்.

ஊசி இருக்கிறது. லியூப்ரோலைடு என்ற ஊசியும், தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற மாத்திரையும் மூளையிலிருந்து போகும் ஹார்மோன் கட்டளையைத் தற்காலிகமாக அடக்கும். ஓயாமல் முட்டையிடும் பெண் கிளிக்கு நான் தயங்காமல் கொடுப்பேன். ராஜாவுக்கு இப்போதைக்கு வேண்டாம். 17 மணி நேரப் பகலையும் பருப்புச் சோற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஊசி போட்டால், மருந்து தேய்ந்ததும் எல்லாம் திரும்பி வரும், காசுதான் கரைந்திருக்கும். நாயையும் பூனையையும் பார்க்கும் மருத்துவர்கள் பலர், பறவைகளை நன்றாகப் பார்ப்பவர்கள் சிலர்தான். நேரம் வாங்கும் முன் கிளி பார்த்துப் பழக்கம் உண்டா என்று ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள்.

இறக்கையை வெட்டாதீர்கள். ஹார்மோன் இறக்கையில் இல்லை. பறந்து விலக முடியாத கிளி நின்று கடிக்கும்.

ஜோடி வாங்கும் யோசனையைத் தம்பியிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 9 வருஷம் மனிதரோடு வளர்ந்த ராஜா, புதிதாக வரும் கிளியை ஏற்றுக்கொள்ளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடித்துக் கொன்றதும் உண்டு. ஒத்துப்போனாலோ உங்களுக்கு முட்டையும் குஞ்சும் கடிக்கிற இரண்டு கிளிகளும் மிஞ்சும். மேலும் 2016ல் ஜோஹனஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில்தான் சாம்பல் கிளியை அதிகபட்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்ற வாக்களித்தார்கள். காட்டில் பிடித்துப் பிடித்தே அந்த இனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தாள் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாமியார் சூடம் சுற்றட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ராஜா இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது, சூடமும் சாம்பிராணியும் ஒன்றுதான். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கருகினால் வரும் வாயு அதைவிட மோசம், அடுத்த அறையிலிருக்கும் கிளியையும் கொன்றுவிடும்.

டிசம்பருக்குள் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இன்றே தொடங்கினால் மூன்று, நான்கு வாரத்தில் வேகம் தணிவதைக் காண்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெளியே பகல் டிசம்பர் 22 வாக்கில்தான் உச்சிக்குப் போகிறது. ஆகவே பிள்ளைகள் வரும்போது ராஜா முழுக்க அடங்கியிருக்கும் என்று எண்ணி ஏற்பாடு செய்யாதீர்கள். அவர்கள் கையிலோ தோளிலோ ஏற்ற வேண்டாம், கூண்டுக்குள் விரலை விட வேண்டாம். பண்டம் கொடுக்க ஆசைப்பட்டால் ஐயா பக்கத்தில் நின்று கரண்டியில் கொடுக்க வைக்கட்டும். ராஜாவின் அறையைப் பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுத்துவிடாதீர்கள். லவுஞ்சில் மெத்தை விரித்துப் போட்டால் அவர்களுக்கும் கொண்டாட்டம்தான்.

அதற்கு முன் தீபாவளி வருகிறது. பட்டாசு இரவில் அந்த அறையின் ஜன்னலைச் சாத்தி, வானொலியை மெதுவாக வைத்து, மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும். இருட்டில் மிரண்டு அடித்துக்கொண்டால் இறகு முறியும். அன்று ஓரிரவு வெளிச்சம் கூடினால் ஒன்றும் கெட்டுவிடாது. டிஎன்ஏ முடிவும் தீபாவளிக்குள் கையில் இருக்கும்படி பாருங்கள். பெண் என்று வந்தால் முடிவோடு எடைக் குறிப்பையும் சேர்த்து எழுதுங்கள், கால்சியம் எவ்வளவு, எப்படி என்று தனியாகச் சொல்கிறேன்.